புருவம் திருத்த பாட்டி தடா: யார் பக்கம் பேசுவது?

கேள்வி: நான் மதுரைக்காரி. வேலைக்காக லூதியானா போன இடத்தில் ஒரு சீக்கியரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டேன். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். சில மாதங்களாக அவளுக்கு மேலுதட்டிலும் தாடையிலும் முடி வளர்கிறது. வகுப்பில் 'பாஜி, பாஜி' (பஞ்சாபியில் 'அண்ணா') என்று கூப்பிட்டுக் கேலி செய்கிறார்களாம். பார்லருக்குப் போய்ப் புருவமும் முகமும் சரிசெய்தே தீருவேன் என்கிறாள். அம்ரித் எடுத்தவர், அதாவது முறைப்படி சீக்கிய தீட்சை பெற்றவர், என் மாமியார். "கேசத்தில் கை வைத்தால் இந்த வீட்டில் சாப்பிட மாட்டேன்" என்கிறார். ஜீன்ஸ் போடுவதற்கும் சேர்த்துத் திட்டு விழுகிறது. கணவர் வாயே திறப்பதில்லை. வெளியிலிருந்து வந்த நான் யார் பக்கம் பேச?

பதில்: சகோதரி, முதலில் ஜீன்ஸை இந்தச் சண்டையிலிருந்து கழற்றி விடுங்கள். குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி ஏற்றுக்கொண்ட, ரெஹத் மரியாதா என்ற சீக்கிய நடத்தை விதித் தொகுப்பில், கச்சேரா என்ற உள்கால்சட்டையும் தலைப்பாகையும் தவிர உடைக்கு வேறு கட்டுப்பாடு இல்லை. தலைப்பாகைகூடப் பெண்களுக்கு அவரவர் விருப்பம். முக்காடிட்டு முகத்தை மறைப்பது தகாது என்றும் அதில் இருக்கிறது. குருத்வாராவில் தலையை மூட வேண்டும். அது ஆண், பெண் எல்லோருக்கும் பொது. மற்றபடி சல்வாரா ஜீன்ஸா என்பது பஞ்சாபி வீட்டுப் பழக்கம் சார்ந்த விஷயம்.

முடி அப்படியில்லை. அங்கே உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேசம் என்றால் தலைமுடி மட்டும் என்று நாம் நினைக்கிறோம். அவர்களுக்கு உடம்பில் இருக்கும் ஒவ்வொரு முடியும் கேசம்தான், புருவம் உட்பட. அம்ரித் எடுத்தவர் முடியை நீக்கினால் அது நான்கு பெரிய மீறல்களில் ஒன்று. உங்கள் மகள் அம்ரித் எடுத்திருக்கிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அதே ரெஹத் மரியாதா, நகை போடக் காது மூக்கு குத்துவதையும் கூடாது என்கிறது. பஞ்சாபில் காது குத்தாத பாட்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்! எதைக் கறாராகப் பிடிப்பது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று ஒவ்வொரு வீடும் தானாகவே ஒரு கோடு போட்டுக்கொள்கிறது. ஆனால் மாமியாரின் கம்மலைக் காட்டி வாதாடிவிடாதீர்கள். வாதத்தில் ஜெயிப்பீர்கள், அப்புறம் ஆறு மாதம் அடுப்படியில் பேச்சுவார்த்தை இருக்காது.

மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. பிளஸ் டூ என்பதால் சொல்கிறேன். அமிர்தசரஸில் அந்தக் கமிட்டியின் மருத்துவக் கல்லூரியில், சீக்கியருக்கென ஒதுக்கிய இடத்துக்கு விண்ணப்பித்த மாணவி புருவம் திருத்தியிருந்ததால் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. வழக்கு பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் வரை போனது. கேசத்தை வெட்டாமல் காப்பது சீக்கியத்தின் அடிப்படை என்று சொல்லி, 2009 மே மாதத்தில் கல்லூரியின் முடிவு சரி என்றே தீர்ப்பு வந்தது. அது மாதிரிக் கல்லூரியில் சேரும் எண்ணம் இருந்தால் விதிகளைப் படித்துவிட்டு அவள் முடிவெடுக்கட்டும். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பார்லர் நாற்காலியில் உட்காரும் முன் தெரிந்திருப்பது நல்லது.

பார்லருக்கு முன்னால் டாக்டர். சில மாதங்களுக்குள் தாடையில் முடி தடித்து வளர்ந்தால் ஹார்மோன் காரணமாக இருக்கலாம். மாதவிலக்கு தள்ளிப் போகிறதா, பரு அதிகமா, எடை ஏறுகிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். பிசிஓஎஸ் என்ற சினைப்பை சார்ந்த ஹார்மோன் பிரச்சினை இந்த வயதில் சகஜம். மகளிர் மருத்துவரிடம் அழைத்துப் போவதற்கு மாமியாரும் மறுப்புச் சொல்ல மாட்டார். அவருடைய நம்பிக்கைக்கு அதில் எந்தக் குறுக்கீடும் இல்லை.

2012-இல் அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு சீக்கியக் கல்லூரி மாணவியை யாரோ படமெடுத்து, அவருடைய முகமுடியைக் கேலி செய்து இணையத்தில் போட்டார். உடம்பு இறைவன் தந்தது, அதை அப்படியே வைத்திருப்பது என் விருப்பம் என்று அந்தப் பெண் நிதானமாகப் பதில் எழுத, படம் போட்டவர் மன்னிப்புக் கேட்டார். எனக்கு மிகவும் பிடித்த சம்பவம். ஆனால் உங்கள் மகளிடம் இதைப் பாடம் நடத்தாதீர்கள். அந்த மாணவி தானாக எடுத்த முடிவு அது. இவளுக்கு இப்போது பாஜி என்று கூப்பிடுகிறவர்களை யாராவது தட்டிக்கேட்டால் போதும். வகுப்பாசிரியரிடம் போய்ப் பேசுங்கள்.

சரி, யார் பக்கம் என்று கேட்டீர்கள். நீங்கள் பேச வேண்டியதே இல்லை. பேச வேண்டியவர் உங்கள் கணவர். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று துணியை இழுத்து மடித்துத் தலைப்பாகை கட்டுகிறவர் அவர்தானே? சின்ன வயதில் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கேலி செய்தார்களா, வெட்டிவிடலாம் என்று எப்போதாவது தோன்றியதா, ஏன் வெட்டவில்லை என்பதையெல்லாம் அவர் மகளிடம் சொல்லட்டும். அதைக் கேட்ட பிறகும் அவள் புருவம் திருத்தப் போகிறேன் என்றால், "முடிவு அவளுடையது" என்று தன் அம்மாவிடம் பஞ்சாபியில் சொல்ல வேண்டியதும் அவர்தான். இந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பாவையும் மகளையும் எங்காவது தனியாக வெளியே அனுப்பி வையுங்கள்.