இன்சுலின் சாவியா, காலிங் பெல்லா? ஹார்மோன் கேள்வி பதில்

கேள்வி: இன்சுலின் ஒரு சாவி, செல்லின் கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே விடுகிறது என்கிறார்களே, சரியா?

பதில்: எனக்கு அந்தச் சாவிக் கதை பிடிக்காது. இன்சுலின் சர்க்கரையைத் தொடுவதே இல்லை. செல்லின் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஏற்பி என்ற புரதத்தில் போய் ஒட்டுகிறது, காலிங் பெல் அடிப்பது மாதிரி. உடனே ஏற்பியின் உள்பக்கத்தில் பாஸ்பேட் என்ற சின்ன வேதிக் குழு ஏறி, அது ஒரு புரதத்தைத் தட்டிவிட, அந்தப் புரதம் இன்னொன்றைத் தட்டிவிட, கடைசியில் உள்ளே குட்டிப் பைகளில் கிடக்கும் குளூட்-4 என்ற கதவுகள் மேலே வந்து செல்லின் மேலுறையான சவ்வில் பொருந்துகின்றன. கதவே அப்போதுதான் வருகிறது! இது தசையிலும் கொழுப்பிலும் நடப்பது.

கேள்வி: அப்போ டைப் 1, டைப் 2 சர்க்கரை நோய்களில் என்ன கோளாறு?

பதில்: டைப் 1-ல் பெல் அடிக்க ஆளே இல்லை, இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. டைப் 2-ல் ஆரம்பத்தில் இன்சுலின் வழக்கத்தைவிடக் கூடுதலாகக்கூட இருக்கும், பெல் அடித்த பிறகு உள்ளே நடக்க வேண்டிய வேலைதான் மந்தம். ஈடுகட்டக் கணையம் வருஷக்கணக்கில் கூடுதலாகச் சுரந்து சுரந்து ஓய்ந்துபோகிறது.

கேள்வி: ராத்திரி முழுக்க ஒன்றும் சாப்பிடவில்லை, காலையில் சுகர் எப்படி ஏறியது?

பதில்: கல்லீரல் வேலை. இன்சுலினுக்கு எதிர் வேலை பார்க்கும் குளூக்ககான் என்ற ஹார்மோன் சொன்னால் அது சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளியே விடும், விடியற்காலையில் கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் சேர்ந்துகொள்ளும். அடக்க வேண்டிய இன்சுலின் போதாமலோ, அதன் பேச்சைக் கல்லீரல் கேட்காமலோ போனால் சாப்பிடாமலே ஏறும்.

கேள்வி: ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்ததும் சுகர் கூடிவிட்டது, நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று விடுவது ஆபத்து, மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு வெளியே நின்று பெல் அடிக்கிற ஜாதி இல்லை, கொழுப்பில் கரையும் என்பதால் சவ்வைத் தாண்டி உள்ளேயே போய், உட்கருவில் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதையே மாற்றுகிறது. கல்லீரல் கூடுதல் சர்க்கரை தயாரிக்கும், தசை இன்சுலினுக்கு மசியாது.

கேள்வி: இன்சுலினை ஏன் மாத்திரையாக விழுங்க முடிவதில்லை?

பதில்: அது 51 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். குடல் அதையும் சாப்பாடாக நினைத்துச் செரித்துவிடும்.

கேள்வி: நடந்தால் சுகர் குறைவதும் இன்சுலினால்தானா?

பதில்: அது மட்டும் இல்லை. சுருங்கி விரியும் தசை, இன்சுலின் சொல்லாமலே வேறு வழியில் குளூட்-4 கதவுகளை மேலே கொண்டுவரும், டைப் 2-ல் அடைபட்ட பாதைக்கு இது ஒரு சுற்றுவழி. ஆனால் இன்சுலின் போடுகிறவர்கள் கவனம், நடந்து முடித்துச் சில மணி நேரம் கழித்துக்கூட சுகர் இறங்கலாம்.