பல் முளைக்காத பிள்ளைக்குக் கையில் என்ன கொடுக்கலாம்?

கேள்வி: என் மகளுக்கு எட்டரை மாதம். நாங்கள் மல்லாவியில் இருக்கிறோம். தாய்ப்பால் குடிக்கிறாள். சோறு, பருப்பு, கீரை எல்லாம் மசித்துக் கரண்டியால் தீத்துகிறேன். இரண்டு கிழமையாகக் கரண்டியைத் தட்டிவிட்டு என் கோப்பைக்குள் கைபோடுகிறாள். கையில் கொடுத்துப் பழக்கலாம் என்று இன்டர்நெட்டில் பார்த்தேன். ஆனால் அதில் காட்டுகிற சாப்பாட்டில் பாதி எங்கள் பக்கம் கிடைக்காது. ஒரு பல்லுக்கூட இல்லாத பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கிவிடும் என்று மாமி பயப்படுகிறா. என்ன கொடுக்கலாம், எப்படிக் கொடுப்பது டொக்டர்?

பதில்: கொடுக்கலாம் தங்கச்சி. இது அதற்குச் சரியான நேரம். மகள் கரண்டியைத் தட்டுவதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். தானே எடுத்து வாயில் வைக்கும் பருவம் அவளுக்கு வந்துவிட்டது. ஒன்பது, பத்து மாதம் தாண்டியும் கடைந்த கூழாகவே கொடுத்துக்கொண்டு போனால், பிறகு கட்டியான சாப்பாட்டை ஏற்பதற்குப் பிள்ளை சிரமப்படும். இரண்டு வயதிலும் சோற்றை வாய்க்குள் அதக்கி வைத்திருக்கிற, பருக்கை நாக்கில் பட்டவுடன் ஓங்காளிக்கிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் கவலையோடு கிளினிக்குக்கு வருகிறார்கள். உங்கள் மகள் அந்த நிலைக்குப் போகத் தேவையில்லை.

மாமியின் பயம் நியாயமானது. அதை ஒதுக்கித் தள்ளாமல் அவவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள். பல்லைப் பற்றி மட்டும் ஒரு விஷயம் சொல்லுங்கள். முதலில் முளைக்கிற முன்பற்கள் கடித்துத் துண்டாக்கத்தான் உதவும். அரைக்கிற கடைவாய்ப் பற்கள் ஒரு வயது தாண்டித்தான் வரும். அதுவரை எல்லாப் பிள்ளைகளும் முரசால்தான் (பல் முளைக்கிற ஈறால்தான்) நசித்துச் சாப்பிடுகின்றன. உங்கள் விரலைக் கழுவி அவளுடைய முரசுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு பலம் என்று தெரியும். ஆகவே முதல் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவிக்கும் நாள் வரை காத்திருக்க வேண்டாம். (அந்தக் கொழுக்கட்டையில் பல்லுப்போலக் குத்தி வைக்கிற தேங்காய்ச் சொட்டு மட்டும் பிள்ளையின் வாய்க்குள் போய்விடக் கூடாது.)

எதைக் கொடுத்தாலும் முதலில் அதை உங்கள் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து நசியுங்கள். இலேசாக அழுத்தியதும் மசிந்தால் கொடுக்கலாம். வழுக்கினாலோ இறுக்கமாக நின்றாலோ இன்னும் அவிய வேண்டும். அடுத்தது அளவு. இந்த வயதில் பிள்ளை உள்ளங்கையால்தான் பொத்திப் பிடிக்கும். பொத்திய கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பகுதியைத்தான் அது கடிக்க முடியும். ஆகவே உங்கள் விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பொறுக்கி எடுக்கத் தொடங்கும்போது, அநேகமாக ஒன்பது மாதமளவில், சின்னச் சின்ன மெதுவான துண்டுகளுக்கு மாறலாம்.

என்ன கொடுப்பது என்றால், புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. உங்கள் வீட்டில் சமைப்பதிலேயே இருக்கிறது. பூசணிக்காயிலிருந்து தொடங்குங்கள். தோலையும் விதையையும் நீக்கி, விரல் நீளத்துக்குக் கொஞ்சம் தடிப்பாக வெட்டி, இடியப்பத் தட்டில் வைத்து ஆவியில் அவியுங்கள். தண்ணீருக்குள் போட்டு அவித்தால் ஊறிக் கரைந்து, கையில் எடுத்தவுடன் உடைந்துவிடும். ஆவியில் அவித்தது உருக்குலையாமல் நிற்கும், வாய்க்குள் போனதும் மசியும். கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போனால் வறுத்த உழுத்தம்மாவில் ஒரு தரம் புரட்டிக் கொடுங்கள், பிடி கிடைக்கும். இதே மாதிரி வத்தாளங்கிழங்கு, கரட், பீட்ரூட், போஞ்சி எல்லாம் அவிக்கலாம். மரவள்ளியை நன்றாக அவித்து, நடுவிலுள்ள நாரை இழுத்து எறிந்துவிட்டுக் கொடுங்கள். பனங்கிழங்கு இப்போது வேண்டாம், அதன் தும்பு தொண்டையில் போய் நிற்கும்.

பழத்தில் வாழைப்பழமும் பப்பாசியும் இலகு. வாழைப்பழத்தின் மேல் பாதியை உரித்து, கீழே தோலைக் கழுவி அப்படியே விட்டுக் கையில் கொடுத்தால் நன்றாகப் பிடித்துக்கொள்வாள். நன்றாகக் கனிந்த மாம்பழத்தையும் நீளமாகச் சீவிக் கொடுக்கலாம். உளுந்துத் தோசையை முறுகவிடாமல் மெதுவாகச் சுட்டு, கீலங்கீலமாக வெட்டிக் கொடுங்கள். இடியப்பத்தைப் பால் விட்டு நனைத்துக் கொடுங்கள். பிட்டை உதிரியாகக் கொடுத்தால் புரைக்கேறும். பருப்பில் நனைத்துப் பிடித்து உருட்டிக் கொடுங்கள்.

மரக்கறியும் பழமும் மட்டும் போதாது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். பிறக்கும்போது பிள்ளை உடம்பில் சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தோடு குறையத் தொடங்கிவிடும். தாய்ப்பால் நல்லதுதான், ஆனால் அதில் இரும்பு மிகக் கொஞ்சம். அமெரிக்க ஊட்டச்சத்துக் கணக்குப்படி 7 முதல் 12 மாதம் வரையான பிள்ளைக்கு நாளுக்கு 11 மில்லிகிராம் இரும்பு வேண்டும். வளர்ந்த ஆணுக்கு 8 மில்லிகிராம் போதும். இந்தச் சின்ன வயிற்றுக்கு அவ்வளவு தேவை! ஆகவே ஒவ்வொரு நாளும் முட்டை, மீன், இறைச்சி, பயறு இவற்றில் ஏதாவது கட்டாயம் இருக்க வேண்டும். முட்டையை நன்றாக அவித்தோ, முருங்கையிலையைப் பொடியாக அரிந்து போட்டுத் தடிப்பாகப் பொரித்தோ நீளமாக வெட்டிக் கொடுங்கள். கோழி ஈரலை மெதுவாக அவித்துக் கிழமைக்கு ஒரு தரம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பயற்றை அவித்துக் கடைந்து, சோற்றோடு பிசைந்து, விரல் மாதிரி நீளமாகப் பிடித்துக் கொடுங்கள். பக்கத்தில் ஒரு துண்டு பப்பாசியோ, சோற்றில் இரண்டு துளி தேசிக்காய்ப் புளியோ இருந்தால் பயற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பு நன்றாக உடம்பில் சேரும். தேத்தண்ணியில் பிஸ்கட் தோய்த்துக் கொடுக்கிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். தேயிலை இரும்பு சேர்வதைத் தடுக்கும். பிஸ்கட்டில் இருப்பது சீனியும் மாவும்தான்.

மீனுக்கு நீங்கள் அலையத் தேவையில்லை. வவுனிக்குளத்து மீன் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விரால் கிடைத்தால் நல்லது. கடல்மீன் வந்தால் பாரை, அறக்குளா மாதிரிப் பெரிய மீனின் துண்டு வாங்குங்கள். சூடை, நெத்தலி மாதிரிச் சின்ன மீன்களில் மயிர் போன்ற முள்ளு இருக்கும், இந்த வயதுக்கு வேண்டாம். அவித்த மீனைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. வெளிச்சத்தில் இருந்து, சதையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, இரண்டு விரலுக்கிடையில் வைத்து உருட்டிப் பாருங்கள். கண்ணுக்குப் படாத முள்ளு விரலில் குத்தும். உப்பும் தூளும் போடுவதற்கு முன்பே மகளின் பங்கை வேறாக எடுத்துவிடுங்கள். ஒரு வயது வரை உப்பும் சீனியும் சேர்க்கத் தேவையில்லை, கருவாடும் வேண்டாம்.

கச்சானை (நிலக்கடலையை) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பக்கம் அது வீட்டுத் தோட்டத்திலும் இருக்கும், கோயில் திருவிழாவிலிருந்து பையோடும் வரும். முழுக் கச்சானோ உடைத்த கச்சானோ ஐந்து வயது வரை பிள்ளை கையில் போகக் கூடாது. மூச்சுக்குழாய்க்குள் போய்ச் சிக்குகிற பொருட்களில் இது முக்கியமானது. மூத்த பிள்ளைகள் ஆசையில் தங்கச்சிக்கும் ஒன்று வாயில் வைத்துவிடுவார்கள், அவர்களுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். ஆனால் அரைத்த கச்சான் நல்ல சாப்பாடு. வறுத்து, தோல் நீக்கி, எண்ணெய் விடும் வரை அரைத்து, கொதித்தாறிய தண்ணீரில் இளக்கி, அரைத் தேக்கரண்டி அளவு கஞ்சியில் கலந்து கொடுங்கள், அல்லது தோசையில் மெல்லிதாகப் பூசுங்கள். கட்டியாக உருட்டிக் கொடுக்காதீர்கள். கச்சான் அலர்ஜி வரும் என்று தள்ளிப்போடுவது பழைய வழக்கம். 2015இல் வெளியான இலண்டன் ஆய்வில், அலர்ஜி வரக்கூடிய குழந்தைகளுக்கு ஒரு வயதுக்கு முன்பே கச்சானைக் கொடுத்துப் பழக்கியபோது, ஐந்து வயதில் கச்சான் அலர்ஜி சுமார் 80 வீதம் குறைந்திருந்தது. முட்டை, கச்சான், மீன், இறால் எல்லாவற்றையும் தனித்தனியாக, சில நாள் இடைவெளி விட்டு, பகல் வேளையில் தொடங்குங்கள். உதடு வீங்கினால், உடம்பில் தடித்தால், விடாமல் சத்தி எடுத்தால், மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்கெனவே கடுமையான எக்ஸிமா (தோல் வரண்டு சிவந்து அரிக்கிற நோய்) உள்ள பிள்ளை என்றால் கச்சானைத் தொடங்கு முன் ஒரு வைத்தியரிடம் காட்டுங்கள்.

காட்டுத்தேன் ஒரு வயது வரை ஒரு சொட்டும் வேண்டாம். நாக்கில் தடவுவதும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கி உடம்பைத் தளரச் செய்துவிடும். தேனைச் சூடாக்கினாலும் அந்த வித்து சாகாது. பாலைப்பழம், வீரைப்பழம், நாவற்பழம் எல்லாம் உருண்டு வழுக்குகிறவை, கொட்டையும் உண்டு, ஆகவே கையில் கொடுக்காதீர்கள். முறுக்கு, டொபி, அவித்த கடலை, முழுத் திராட்சை, அவிக்காத கரட், அவிக்காத அப்பிள் இவையும் வேண்டாம்.

இனி மாமி பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இருவரும் சேர்ந்து இதை வாசியுங்கள். முதல் சில நாட்கள் மகள் ஓங்காளிப்பாள். முகம் சிவக்கும், கண்ணில் தண்ணீர் வரும், இருமுவாள், துண்டை நாக்கால் வெளியே தள்ளுவாள். சத்தம் வருகிறது என்றால் காற்றுப் போய் வருகிறது. பெரிய துண்டைத் தானே வெளியே கொண்டுவர உடம்புக்குத் தெரிந்த வழி அது. பேசாமல் பார்த்துக்கொண்டிருங்கள், வாய்க்குள் விரலை விடாதீர்கள்.

உண்மையாகச் சிக்கினால் சத்தம் இருக்காது. அழ முடியாது, இருமல் வராது, உதடு நீலமாகும். அப்போது ஒருவர் 1990 அம்புலன்ஸுக்கு அழைக்க, மற்றவர் பிள்ளையைத் தன் முன்னங்கையில் குப்புறக் கிடத்தி, தொடையில் தாங்கி, தலையை உடம்பைவிடத் தாழ்த்தி, தாடையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தடவை பலமாகத் தட்ட வேண்டும். வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்சின் நடு எலும்பில் 5 தடவை அழுத்த வேண்டும். துண்டு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாமல் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். வெளியே வரும் வரை அல்லது உதவி வரும் வரை இதையே மாறி மாறிச் செய்யுங்கள். பிள்ளை நினைவிழந்தால் இருதய இயக்க முதலுதவியை (CPR) தொடங்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று உங்கள் குடும்ப நல உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேட்டுப் பழகி வையுங்கள்.

இந்த நிலை வராமல் பார்க்கிற வழி இலகு. பிள்ளை நிமிர்ந்து இருக்க வேண்டும், கூட ஒருவர் இருக்க வேண்டும். உயரக் கதிரை வாங்கத் தேவையில்லை. பாயில் பழைய சீலை ஒன்றை விரித்து, மடியில் உங்கள் வயிற்றோடு சாய்த்து இருத்துங்கள். படுக்க வைத்தோ, தவழ விட்டோ, அழும்போதோ, சிரிப்புக் காட்டிக்கொண்டோ கொடுக்காதீர்கள். சாப்பிட முன் உங்கள் கையையும் அவள் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அவளுடைய நகத்தை வெட்டி விடுங்கள். மிஞ்சியதை இந்த வெயிலில் அடுத்த நேரத்துக்கு வைக்க வேண்டாம்.

அப்புறம், கரண்டியை விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் கையில் கொடுப்பதில் பாதி சீலையில்தான் கிடக்கும், வயிற்றுக்குள் போவது கொஞ்சம். முதலில் கையில் இரண்டு துண்டு கொடுத்து அவள்பாட்டில் விடுங்கள், நடுநடுவே நீங்களும் தீத்துங்கள். அவளுக்கும் ஒரு கரண்டியைக் கையில் கொடுத்தால் உங்களுடையதைத் தட்டுவது குறையும். ஒன்பது மாதம் ஆகும்போது ஒரு நேரத்துக்கு அரைக் கோப்பை அளவில், நாளுக்கு மூன்று நான்கு நேரம் போதும். வாயை மூடித் தலையைத் திருப்பினால் அந்த நேரச் சாப்பாடு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பாலை இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

ஒன்பது மாதத்தில் எம்.எம்.ஆர். ஊசிக்குப் போவீர்கள்தானே, அன்றைக்கு நிறையைப் பதிவேட்டில் குறித்ததும் அதிலுள்ள வளர்ச்சிக் கோட்டைப் பாருங்கள். மேலே போய்க்கொண்டிருந்தால் இப்படியே தொடருங்கள். தட்டையாகவோ கீழேயோ போனால் அங்கேயே கேளுங்கள், அடுத்த மாதம் வரை பொறுக்க வேண்டாம். மகள் குறைமாதத்தில் பிறந்தவள் என்றாலோ, பால் குடிக்கும்போதே அடிக்கடி புரைக்கேறுகிறது என்றாலோ, இன்னும் தலை நிற்கவில்லை என்றாலோ, கையில் கொடுக்கத் தொடங்கு முன் பிள்ளை வைத்தியரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.