கோல விளக்குக்கு அசெம்பிளி வேண்டுமா?

ஈசூனிலிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் கேட்கிறார்: "தீபாவளிக்கு எங்கள் வீவக வீட்டு வாசலில் கோலம்போல் ஒளிர, 150 டபிள்யூஎஸ்2812 எல்இடி உள்ள பட்டையை ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் இணைத்தேன். பலகையின் இணைப்பு முனையை (பின்) ஏற்றி இறக்கும் டிஜிட்டல்ரைட் கட்டளையை வைத்து நானே நிரல் எழுதினேன். நிறங்கள் கண்டபடி வருகின்றன. 'சி மொழி மெதுவானது, எல்லாவற்றையும் அசெம்பிளியில் எழுது' என்கிறான் நண்பன். எழுதட்டுமா?"

எல்லாவற்றையும் வேண்டாம். அசெம்பிளி என்பது சில்லின் கட்டளைகளை ஒவ்வொன்றாக நாமே எழுதும் மொழி. நண்பர் சொன்னதில் சின்னப் பகுதி ஒன்று மட்டும் சரி.

இந்த எல்இடிக்குத் தரவோடு தாளம் காட்டும் தனிக் கடிகாரக் கம்பி கிடையாது. ஒரே கம்பியில் வரும் துடிப்பு எவ்வளவு நேரம் உயர்ந்து நிற்கிறது என்பதை வைத்தே பிரித்தறியும்: சுமார் 0.4 மைக்ரோவினாடி என்றால் 0, 0.8 என்றால் 1. ஒரு பிட்டுக்கு மொத்தமே 1.25 மைக்ரோவினாடி. ஊனோவின் ஏட்மெகா328பி சில்லு 16 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதால், உங்கள் கையில் இருப்பது 20 கடிகாரச் சுழற்சிதான். டிஜிட்டல்ரைட்டை ஒருமுறை அழைத்தாலே அதைத் தாண்டிவிடும். அந்தப் பின் எந்த போர்ட்டில் (பின்களின் தொகுதி) இருக்கிறது என்று அட்டவணையில் தேட வேண்டும், அதில் பிடபிள்யூஎம் (தானாக ஏறி இறங்கும் துடிப்பு) ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், ஓடும் நிரலை இடைமறிக்கும் இன்டரப்டை நிறுத்த வேண்டும். இத்தனையும் அதற்குள் நடக்கிறது. பழி சி மொழிமேல் இல்லை. அதே சி-யில், பின்களைக் கட்டுப்படுத்தும் போர்ட்பி ரெஜிஸ்டரின் ஒரு பிட்டை நேரடியாக ஏற்றிப் பாருங்கள். சி-யைச் சில்லின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் அதை 2 சுழற்சியில் முடியும் ஒரே கட்டளையாக்கிவிடும். கையால் எழுதினாலும் பெரும்பாலும் அதையேதான் எழுதுவீர்கள்.

அப்புறம் அசெம்பிளி எதற்கு? நேரம் பிசகாமல் இருப்பதற்கு. கம்பைலர் பதிப்போ ஆப்டிமைசேஷனோ மாறினால், ஒரு சி வரி எடுக்கும் சுழற்சியும் மாறலாம். அசெம்பிளியில் எண்ணி வைத்தது அப்படியே நிற்கும். ஆகவே பைட்டை வெளியே தள்ளும் அந்த ஒரு சுற்றை மட்டும் இன்லைன் அசெம்பிளியாக, அதாவது சி நிரலுக்குள்ளேயே, எழுதுங்கள். பரவலாகப் புழங்கும் எல்இடி லைப்ரரிகள் இந்தச் சில்லில் செய்வதும் இதுதான். கோல வடிவம், நிறக் கணக்கு, பொத்தான் எல்லாம் சி-யிலேயே இருக்கட்டும். மெமரியும் போதும்: எல்இடிக்கு 3 பைட், மொத்தம் 450, ஊனோவில் 2,048 இருக்கிறது.

அசெம்பிளி தீர்க்காத சிக்கலும் ஒன்று உண்டு. 150 எல்இடிக்கும் தரவு அனுப்ப 4.5 மில்லிவினாடி ஆகும். அதுவரை இன்டரப்ட் நின்றிருப்பதால், ஓடிய நேரத்தை எண்ணும் மில்லிஸ் கணக்கு பின்தங்கும். கோலத்துக்குப் பரவாயில்லை. மணி காட்டப் போகிறீர்கள் என்றால் தனியாக நேரம் காக்கும் ஆர்டிசி சில்லு வையுங்கள்.

அசெம்பிளி கற்க ஆசை இருந்தால் முதலில் படித்துப் பழகுங்கள். ஏவிஆர்-ஆப்ஜ்டம்ப் கருவியில் உங்கள் நிரலைக் கொடுத்தால், கம்பைலர் எழுதிய அசெம்பிளி முழுவதும் கண்ணெதிரே வரும். வேலையிலும் எழுதுவதைவிட வாசிப்பதுதான் அதிகம் உதவும் என்பது என் எண்ணம். நாளை வேறு வகைச் சில்லுள்ள ராஸ்பெர்ரி பை பிகோ பலகைக்கு மாறினால், ஏவிஆருக்கு (ஊனோ சில்லின் குடும்பம்) எழுதிய அசெம்பிளி வரி ஒன்றுகூட அதில் ஓடாது. சி-யில் எழுதிய கோலக் கணக்கு அப்படியே ஓடும்.

சரி, நிரலில் கை வைக்குமுன் கம்பியைப் பாருங்கள். ஊனோவின் கிரவுண்டும் (0 வோல்ட் முனை) பட்டையின் கிரவுண்டும் இணைந்திருக்காவிட்டாலும் நிறம் இப்படித்தான் தாறுமாறாக வரும். முழு வெள்ளையில் எல்இடிக்கு 60 மில்லிஆம்பியர் என்றால் 150-க்கு 9 ஆம்பியர். அதை ஊனோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுக்கவே கூடாது. சிம் லிம் டவரில் தனி 5 வோல்ட் சப்ளை வாங்கிவிடுங்கள்.