சேர்ந்து சேர்ந்துதான் இத்தனை ஆனார்கள்

கேள்வி: எங்கள் ஊர்ச் சுவரில் 'மார்க்சிஸ்ட்-லெனினிஸ்ட்' என்ற பெயரில் மூன்று குழுக்கள் தனித்தனியாக மே தினப் போஸ்டர் ஒட்டியிருக்கின்றன. மூன்றிலும் அதே தலைவர்களின் படங்கள். இவர்கள் ஒன்று சேரவே மாட்டார்களா?
- குடியாத்தம் வாசகர்

பதில்: சேராமல் என்ன? இரண்டு குழுக்கள் இணையும்போதெல்லாம் மனம் ஒப்பாத நாலு பேர் பழைய பெயரோடு வெளியே நின்றுவிடுவார்கள். இரண்டு, மூன்றாகிவிடும்.

1964இல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்து மார்க்சிஸ்ட் கட்சி பிறந்தது. நக்சல்பாரி விவசாயிகள் எழுச்சிக்குப் பிறகு மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து பிரிந்தவர்கள் 1969இல், லெனின் பிறந்தநாளன்று, மார்க்சிஸ்ட்-லெனினிஸ்ட் (மா-லெ) கட்சியைத் தொடங்கினார்கள். 1972இல் அதன் தலைவர் சாரு மஜும்தார் போலீஸ் காவலில் இறப்பதற்குள்ளேயே அதிலும் பிளவு வந்துவிட்டது. இந்தியா அரைக் காலனியா, அதாவது பெயருக்கு மட்டும் சுதந்திர நாடா, தேர்தலில் நிற்கலாமா, சீனாவின் ஆயுதப் போராட்டப் பாதை நமக்குப் பொருந்துமா என்றுதான் சண்டை. அற்பமான கேள்விகள் அல்ல. சின்னத்துக்கும் கட்சி அலுவலகச் சாவிக்கும் அடித்துக்கொள்கிறவர்களுக்கு ஓட்டுப் போடும் நாம், இவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கொஞ்சம் கூச்சப்பட வேண்டும்.

என் கோபம் வேறு. விடையை எங்கே தேடினார்கள்? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பெண்களும், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலாளிகளும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இவர்களோ அறிக்கையில் தேடினார்கள், சிலர் வெடிகுண்டில். 1980இல் திருப்பத்தூரில், அன்று அது நம் வட ஆற்காடு, வண்டியில் குண்டு வெடித்து இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் போலீஸ்காரர்களும் செத்தார்கள். பிறகு போலீஸ் அதிகாரி தேவாரம் தலைமையில் நக்சலைட் வேட்டை. அதில் இளைஞர்கள் செத்தார்கள். பீடிக் கூலி காலணா உயரவில்லை. பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவுக்காக உச்ச நீதிமன்றம் போய் 1996இல் தீர்ப்பு வாங்கியதுகூட வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு ஒன்றுதான்.

கூட்டணியா? பீகாரைப் பாருங்கள். ஒரு காலத்தில் 'திரிபுவாதிகள்', மார்க்சியத்தைத் திரித்தவர்கள் என்று தான் திட்டிய இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் இருந்த அணியிலேயே 2020 தேர்தலில் மா-லெ குழுக்களில் ஒன்றான லிபரேஷன் நின்றது. 19 தொகுதிகளில் 12 வென்றது. நிலமற்ற கூலிகள் அதன் பின்னால் இருந்தார்கள். இழக்க ஆள் இருந்தால்தான் உடைவதற்குப் பயம் வரும். நாற்பது பேர் இருபது இருபதாகப் பிரிந்தால் யாருக்கு நட்டம்? லெட்டர்பேட் அச்சடிப்பவருக்கு லாபம்.

போஸ்டரை நின்று படித்தீர்களே, மூன்றில் ஒன்றிலாவது பீடிக் கூலி பற்றி ஒரு வரி இருந்ததா? இருந்தால் அந்தக் குழுவின் பெயரை மட்டும் எனக்கு எழுதுங்கள்.