சிகரெட்டை விட்ட முதல் நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு நாளைப் பற்றியவை: விட்ட அன்று என்ன செய்வது? புகைப்பழக்கத்தை விட நினைப்பவர்களோடு ஆலோசகராகப் பல வருடங்கள் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். யாரிடமும் சொல்லாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு முதல் நாளைக் கடக்கப் பார்ப்பவர்கள் படும் பாடு அதிகம். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வைத்தவர்களுக்கு அந்த நாள் கொஞ்சம் சுலபமாகக் கழிகிறது. கீழே உள்ள பதில்களை அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

பதினெட்டு வருடமாக ஒரு நாளைக்கு 15 சிகரெட். வருகிற ஞாயிற்றுக்கிழமை விடப்போகிறேன். பல் தேய்ப்பதற்கு முன்பே ஒன்று பற்றவைக்கிற ஆள் நான். அந்தக் காலையை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. (பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்)

உங்கள் பயம் நியாயமானதுதான். புகையிலையில் இருந்து வந்து நம்மை அடிமையாக்குவது நிக்கோட்டின். ரத்தத்தில் இருக்கும் அது சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். ராத்திரி முழுக்கத் தூங்கி எழும்போது உடம்பில் அது பெரும்பாலும் தீர்ந்திருக்கும். கண் விழித்ததும் உடம்பு கேட்பது அதனால்தான்.

முதலில் கிழமையை மாற்றுங்கள். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள், கூடவே குடி. அதற்கு நடுவில் போய் விட முயற்சி செய்ய வேண்டாம். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்களே, புதன்கிழமையாகவே வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சும் துணியும் கிடக்கிற இடத்தில் பற்றவைக்க முடியாது என்பதால், ஷிப்டில் மணிக்கணக்காகப் புகைக்காமல் இருந்து ஏற்கெனவே பழகியவர் நீங்கள். வேலை நாள்தான் உங்களுக்குத் துணை.

செவ்வாய் இரவே ஒரு வேலை இருக்கிறது. சட்டைப்பை, வண்டியின் டேங்க் கவர், தலையணை அடி என்று எங்கெல்லாம் மிச்சம் இருக்கிறதோ அத்தனையையும் எடுத்துத் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போடுங்கள். நனைப்பது முக்கியம். சும்மா தூக்கிப் போட்டுவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குக் குப்பைக்கூடையைக் கிளறியதாக எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். லைட்டரையும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள்.

காலையில் எழுந்ததும் நேராகப் பல் தேய்த்துக் குளித்துவிடுங்கள். வழக்கமாக உட்காரும் திண்ணைப் பக்கம் போக வேண்டாம். டீயை அன்றைக்கு ஒரு நாளாவது வீட்டிலேயே குடியுங்கள்.

இனி, அந்த வேட்கை வரும் நேரம். ஒருமுறை ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் என் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நடுவிலேயே அவர் வலது கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. பை காலி. இரண்டு விரலும் உள்ளே துழாவிவிட்டு வெளியே வந்தன. நெற்றியில் வேர்த்துவிட்டது. "சார், இப்ப வருது" என்றார். என் கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்து, போகும்போது சொல்லச் சொன்னேன். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நிமிடம் ஆனதும், "இவ்வளவுதானா?" என்று கேட்டார். பெரும்பாலும் அவ்வளவுதான். ஓரிரு நிமிடத்தில் உச்சிக்குப் போய், ஐந்து நிமிடத்துக்குள் இறங்கிவிடும். அப்புறம் மறுபடியும் வரும், மறுபடியும் இறங்கும்.

அந்த ஐந்து நிமிடத்துக்கு ஓர் ஆளை இப்போதே பேசி வையுங்கள். "மச்சான், தம் அடிக்கணும்போல இருக்கு, அஞ்சு நிமிஷம் பேசு" என்றால் காரணம் கேட்காமல் பேசுகிற ஆளாக இருக்க வேண்டும். அறிவுரை சொல்கிறவர் வேண்டாம். அப்படி யாரும் இல்லையென்றால், 1800-11-2356 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிடுகிறார்கள். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம். விடும் நாளுக்கு முன்பே ஒருமுறை பேசிவிட்டால், நாளைக் குறித்துக்கொண்டு பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

கணவர் சிகரெட்டை விட்ட முதல் நாளே வீட்டில் ஒரே சண்டை. குழந்தையைக்கூடத் திட்டித் தீர்த்துவிட்டார். "இதுக்கு நீங்க பேசாம தம் அடிச்சிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டேன். தப்பு செய்துவிட்டேனா? (இல்லத்தரசி, நாகர்கோவில்)

ஆதங்கத்தில் சொன்னது, அதற்காக மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். ஆனால் இனிமேல் அந்த வார்த்தை வேண்டாம் அம்மா. முதல் நாள் மாலையில் அவர் மனசு ஒரு சாக்கைத் தேடிக்கொண்டிருக்கும். வீட்டிலேயே அனுமதி கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளும்.

எரிச்சல், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் முதல் இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்தில் இருக்கும். பிறகு குறைந்துகொண்டே வந்து, இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதுவரை சட்டையை முகர்ந்து பார்ப்பது, மணிக்கொரு தரம் "அடிச்சீங்களா?" என்று கேட்பது இரண்டையும் விட்டுவிடுங்கள். அவர் அமைதியாக இருக்கும்போது, "கோபம் வரும்போது நான் என்ன செய்யணும்?" என்று ஒருமுறை கேட்டு வையுங்கள். பேசாமல் விட்டுவிடு என்பார் சிலர், கூட உட்கார் என்பார் சிலர்.

சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகக் கூடாது. பசியும் புகை வேட்கையும் உள்ளே கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். நறுக்கிய கொய்யா, வெள்ளரி, வறுத்த கடலை என்று கைக்கும் வாய்க்கும் வேலை கொடுக்கிற எதையாவது எதிரில் வையுங்கள். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் எழுந்து தெருமுனை வரை அவரோடு நடந்துவிட்டு வாருங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பிடிக்கிற சிகரெட்டை விடுவதுதான் பலருக்கும் கஷ்டம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நிக்கோட்டின் இல்லாததால் கோபம் வரலாம். ஆனாலும் குழந்தையிடம் அவர்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கை நீட்டினால் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. பீடி பிடித்தால்தான் காலையில் எனக்கு வயிறு போகும். விட்டால் என்ன ஆகும்? (விவசாயி, மன்னார்குடி)

கூச்சமே வேண்டாம். இதே காரணத்துக்காக மறுபடியும் ஆரம்பித்தவர்கள் ஏராளம். நிக்கோட்டின் குடலைத் தூண்டிவிடும். திடீரென்று நிறுத்தினால் கொஞ்ச நாள் மலச்சிக்கல் வருவது சகஜம். முந்தின இரவே வாழைப்பழமோ கொய்யாவோ சாப்பிடுங்கள், கீரை சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்துவிட்டு வரப்பில் ஒரு நடை நடந்து, வழக்கமான அதே நேரத்துக்குப் போய் உட்காருங்கள். சில வாரத்தில் வயிறு தன் வழிக்கு வந்துவிடும்.

சிகரெட்டைவிடப் பீடி தேவலை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இல்லை, பீடியும் அதே நிக்கோட்டினையும் தாரையும்தான் தருகிறது. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்கவும் வேண்டியிருக்கிறது.

நிக்கோட்டின் சுவிங்கம் வாங்கினேன். மென்றதும் தொண்டை எரிந்து விக்கல் வந்துவிட்டது. எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? (கல்லூரி மாணவர், கோவை)

சாதாரண சுவிங்கம் மாதிரி விடாமல் மென்றிருப்பீர்கள். அப்படி மென்றால் நிக்கோட்டின் உமிழ்நீரோடு வயிற்றுக்குள் போய் எரிச்சலும் விக்கலும் தரும். அது வாயின் உள்தோல் வழியாக ரத்தத்தில் சேர வேண்டிய மருந்து. காரமோ சுருக்கென்ற உணர்வோ வரும்வரை மெதுவாக மெல்லுங்கள். வந்ததும் மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். சுருக்கென்பது போனதும் மறுபடி மென்று, வேறு பக்கம் ஒதுக்குங்கள். ஒன்று அரை மணி நேரம் வரும். அதற்குக் கால் மணி முன்பிருந்தே காபி, ஜூஸ் எதுவும் வேண்டாம்.

2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவு உண்டு. எழுந்து அரை மணி நேரத்துக்குள் புகைக்கிறவர்களுக்குப் பொதுவாக 4 தேவைப்படும், அதற்கு மருத்துவரைப் பாருங்கள். இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் எந்த அளவானாலும் கேட்காமல் எடுக்கக் கூடாது.

விட்ட அன்று சாயந்திரம் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது. டீ குடித்தே சமாளித்தேன், ஆறேழு ஆகியிருக்கும். (மெக்கானிக், சேலம்)

டீயும் ஒரு காரணமாக இருக்கலாம். சிகரெட் புகை கல்லீரலைத் தூண்டி டீயில் இருக்கும் காபீனைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். புகை நின்றதும் அதே டீ உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். பாதியாகக் குறையுங்கள், சாயந்திரத்துக்கு மேல் மோர் போதும். ஆனால் நெஞ்சில் வலியோ இறுக்கமோ வந்தால், சிகரெட்டை விட்டதால்தான் என்று சும்மா இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

காலையிலிருந்து தாக்குப்பிடித்தேன். நாலு மணிக்கு டீக்கடையில் ஒருவர் பாக்கெட்டை நீட்டினார், ஒன்று அடித்துவிட்டேன். பிறகு பத்து உள்ள பாக்கெட்டையே வாங்கிவிட்டேன், அதில் ஒன்றும் தீர்ந்தது. தம்பியிடம் வேறு சத்தியம் செய்திருந்தேன். எல்லாம் போச்சா? (அலுவலக ஊழியர், சென்னை)

போகவில்லை. காலையிலிருந்து நாலு மணி வரை நீங்கள் இருந்தது உண்மை, உங்கள் உடம்புக்கு அது தெரியும். கடைசி சிகரெட்டுக்கு 20 நிமிடத்தில் நாடித்துடிப்பு இறங்க ஆரம்பிக்கிறது. 12 மணி நேரத்தில் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற புகை நச்சு வாயு இயல்பு அளவுக்கு வந்துவிடும். அந்தக் கணக்கு இப்போதிலிருந்தே மறுபடி தொடங்கட்டும். இன்னொரு திங்கட்கிழமை, இன்னொரு முதல் தேதி என்று தள்ளிப் போடாதீர்கள்.

நாளைக்கு நாலு மணிக்கு அந்த டீக்கடைக்குப் போகாதீர்கள். நீட்டியவரிடம், "விட்டுட்டேன், இனிமே எனக்கு நீட்டாதீங்க" என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பாக்கெட்டில் மிச்சம் இருக்கும் ஒன்பதையும் நனைத்துப் போட்டுவிட்டுத் தம்பிக்கு போன் செய்து நடந்ததைச் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, ராத்திரி சாப்பாட்டுக்கு அவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.