பிளேட்டோவின் 'குடியரசு' வேறு, மேடிசனின் குடியரசு வேறு

கேள்வி: பிளேட்டோ நீதியைப் பற்றி எழுதிய நூலின் பெயரே 'குடியரசு' தானே? அமெரிக்கக் குடியரசு அதிலிருந்து வந்ததா?

இல்லை. பெயரால் வருகிற குழப்பம் இது. கல்லூரியில் அரசியல் அறிவியல் படித்தபோது நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பிளேட்டோ வைத்த பெயர் 'பொலிடேயா'. ஒரு நகரத்தின் அரசமைப்பு என்று பொருள். அது லத்தீனில் 'ரெஸ் புப்ளிகா' ஆகி, ஆங்கிலம் வழியாக நம்மிடம் குடியரசாக வந்து சேர்ந்தது. உள்ளே போனால் தேர்தலும் இல்லை, மக்கள் பிரதிநிதியும் இல்லை. ஞானிகள் ஆள வேண்டும், அவரவர் தமக்குரிய வேலையைப் பார்க்க வேண்டும், அதுதான் நீதி. மக்களாட்சியைக் கொடுங்கோன்மைக்கு ஒரு படி முன்னால் வைக்கிறார்.

அவருடைய கசப்புக்குக் காரணம் இருந்தது. கி.மு. 406-ல் அர்கினூசைத் தீவுகளுக்கு அருகே ஏதென்ஸ் கடற்படை வென்றது. ஆனால் புயலில், மூழ்கிய கப்பல்களில் தத்தளித்தவர்களை மீட்க முடியவில்லை. ஊர் கொதித்தது. எட்டுத் தளபதிகளுக்கும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பில் தண்டனை கொடுக்க வேண்டும் என்று மக்கள் சபையில் தீர்மானம் வந்தது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிப்பதுதான் முறை என்று ஒருவர் எழுந்து வாதாடினார். மக்கள் நினைத்ததைச் செய்யவிடாமல் தடுப்பதா என்று கூட்டம் கத்தியது. தடுப்பவர்களையும் குற்றவாளிகளோடு சேர்த்துவிடுவோம் என்று மிரட்டல் வந்ததும், சபையை நடத்திய குழுவினர் பணிந்தார்கள். அந்தக் குழுவில் இருந்த சாக்ரடீஸ் மட்டும் சம்மதிக்கவில்லை. ஊரில் இருந்த ஆறு தளபதிகள் கொல்லப்பட்டார்கள். பிற்பாடு ஏதென்ஸ் வருந்தியது. கி.மு. 399-ல் சாக்ரடீஸுக்கே மரண தண்டனை.

அங்கே வாதியும் கூட்டம், நீதிபதியும் கூட்டம். அரிஸ்டாட்டில் இந்த நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார் என்பது என் கருத்து. பணக்காரர்கள் செல்வத்தில் உயர்ந்தவர்கள் என்பதால் எல்லாவற்றிலும் தாங்கள் உயர்வு என்கிறார்கள். ஏழைகள், எல்லாரும் சுதந்திரக் குடிமக்கள், அதனால் எல்லாவற்றிலும் சமம் என்கிறார்கள். இரண்டு பக்கமும் நீதியில் ஒரு துண்டு இருக்கிறது, முழுசும் இல்லை. ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தங்கள் சொந்த விஷயத்தில் மோசமான நீதிபதிகள்.

சரி, அமெரிக்க அரசியலமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான மேடிசனுக்கு வருவோம். அந்த அரசியலமைப்பை ஏற்கச் சொல்லி எழுதப்பட்டவை ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள். 1787 நவம்பரில் வெளிவந்த பத்தாவது கட்டுரையில் மேடிசனிடமும் இதே வாதம் இருக்கிறது: யாரும் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது. அவர் காட்டும் உதாரணம் கடன் சட்டம். சபையில் ஒரு பக்கம் கடன் கொடுத்தவன், மறு பக்கம் வாங்கியவன்; தராசைப் பிடிக்க வேண்டியது நீதி, ஆனால் எந்தப் பக்கத்துக்குத் தலை அதிகமோ அதுதான் ஜெயிக்கும். இது கற்பனை இல்லை. ரோட் ஐலண்ட் மாநிலம் 1786-ல் காகிதப் பணத்தை அச்சிட்டு, கடன் கொடுத்தவர்கள் அதை வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது.

நோய் ஒன்று, மருந்துதான் வேறு. பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் மனிதனைத் திருத்தப் பார்த்தார்கள்: கல்வி, பழக்கம், நல்ல சட்டம். அதற்கு ஊர் சின்னதாக, ஒருவரையொருவர் தெரிந்ததாக இருக்க வேண்டும். மேடிசன் தலைகீழாகச் சொன்னார். ஊரைப் பெரிதாக்கு, கோஷ்டிகள் பெருகட்டும், எதுவும் தனியாகப் பெரும்பான்மை ஆக முடியாது. அப்புறம் அதிகாரத்தைப் பிரி, ஒருவன் ஆசை இன்னொருவன் ஆசைக்கு அணை போடட்டும். 1788-ல் வந்த ஐம்பத்தோராவது கட்டுரை, அரசின் நோக்கமே நீதிதான் என்று அழுத்திச் சொல்கிறது. ஆனால் நீதி என்றால் என்ன என்று அங்கே விளக்கம் இல்லை. பிளேட்டோ ஒரு முழு நூலைச் செலவழித்த கேள்வி அது. எனக்கு அந்த இடம் இன்றும் உறுத்துகிறது.

ஏனென்றால் கோஷ்டிகள் ஒன்றையொன்று தடுக்கும் என்ற ஏற்பாடு, கோஷ்டியாகவே எண்ணப்படாதவர்களைக் காப்பாற்றாது. பிரதிநிதிகள் சபை இடங்களுக்காக ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டது அதே அரசியலமைப்பு. அவர்களுக்கு வாக்கு இல்லை, எஜமானர்களின் மாநிலங்களுக்கோ கூடுதல் இடங்கள். இயல்பிலேயே சிலர் அடிமைகள் என்று எழுதியவர் அரிஸ்டாட்டில். மேடிசனின் வர்ஜீனியா பண்ணையிலும் அடிமைகள்தான் உழைத்தார்கள். 1836-ல் அவர் இறந்தபோது, உயிலில் அவர்களில் ஒருவருக்குக்கூட விடுதலை எழுதி வைக்கவில்லை.