சின்ன ஊர்ல கோர்ட் கட்டின கதைகள்ல உங்களை ரொம்ப பாதிச்சது எது?

எனக்கு கார்லின்வில் தாங்க. அமெரிக்கால இல்லினாய்ல, ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் செயின்ட் லூயிஸுக்கும் நடுவுல இருக்கற ஊரு, இன்னிக்கும் ஜனத்தொகை 6,000 கூட வராது. மகூபின் கவுன்டியோட தலைமை ஊர் அதுதான். கவுன்டின்னா கிட்டத்தட்ட நம்ம மாவட்டம் மாதிரி, வழக்கு, நிலப் பதிவு, வரி எல்லாத்துக்கும் ஜனங்க அந்த கோர்ட் கட்டடத்துக்குத்தான் வரணும்.

உள்நாட்டுப் போர் முடிஞ்சு ரெண்டே வருஷம், 1867ல புது கோர்ட் கட்டலாம்னு 50,000 டாலருக்கு கடன் பத்திரம் போட்டு ஆரம்பிச்சாங்க. 1869 ஆரம்பத்துல கணக்கு பார்த்தா கிட்டத்தட்ட நாலரை லட்சம் போயிருக்கு, வேலை இன்னும் முடியல! நிறுத்தவும் முடியாது, பாதில விட்டா போட்ட காசும் போச்சு, அதனால மேல மேல கடன் பத்திரம், மேல மேல வரி, அங்க இருந்தவங்க முக்கால்வாசி விவசாயிங்க, அவங்க கத்தினதை யாரும் காதுல வாங்கல. 1870ல முடிஞ்சப்போ மொத்தம் 13 லட்சத்து 80 ஆயிரம் டாலர். இப்பவும் அதுக்கு மில்லியன் டாலர் கோர்ட்னுதான் பேரு.

கட்டட வேலையை நடத்தினதுல முக்கியமான ரெண்டு பேர் கவுன்டி ஜட்ஜ் தாடியஸ் லூமிஸ், கவுன்டி கிளார்க் ஜார்ஜ் ஹாலிடே. அந்த 1870லயே ஹாலிடே ஊரை விட்டுப் போனவர் திரும்பி வரவே இல்ல. லூமிஸ் அதே சதுக்கத்துல சுண்ணாம்புக் கல்லுலயே சொந்தமா ஒரு ஹோட்டல் கட்டினார், கோர்ட்டுக்கு வந்த கல்லுதான் அங்க போச்சுன்னு ஊர்ல பேச்சு. வரி கட்டினவன் வீட்ல என்னென்ன பேசியிருப்பாங்கன்னு நினைச்சாலே எனக்கு வயிறு எரியுது.

ஆனா கட்டடத்தை குறை சொல்ல மனசு வரலங்க. செயின்ட் லூயிஸ்ல இருந்து ஒரு மணி நேரம் கார்ல போய் பார்த்தேன், முன்னாடி பெரிய பெரிய தூணு, மேல டோம், தீப்பிடிக்கக் கூடாதுன்னு கதவெல்லாம் இரும்புல போட்டிருக்காங்க. டிசைன் பண்ண எலைஜா மையர்ஸ் பின்னாடி மிச்சிகன், டெக்சாஸ், கொலராடோனு மூணு மாநிலத்துக்கு தலைமைச் செயலகம் மாதிரியான கேபிடல் கட்டடங்களை டிசைன் பண்ணவர், அப்போ இது எந்த அளவுன்னு பார்த்துக்கோங்க. பக்கத்துலயே அவர் டிசைன் பண்ண ஜெயில், சுவர்ல உடைச்சு வெளிய போக முடியாதபடி போர்ல மிஞ்சின பீரங்கி குண்டுகளை வச்சுக் கட்டியிருக்காங்க.

கடன் அடைய 40 வருஷம் ஆச்சு. கட்டடம் முடிஞ்ச வருஷம் பொறந்த குழந்தையும் வளர்ந்து, நிலம் வாங்கி, தான் கேக்காத கோர்ட்டுக்கு வரி கட்டியிருக்கும். 1910 ஜூலைல ஊரே திருவிழா மாதிரி கூடி நிக்க, கவர்னர் சார்லஸ் டெனீன் வந்து கடைசி கடன் பத்திரத்தை எல்லார் முன்னாடியும் நெருப்புல போட்டு எரிச்சார்.